மண்டைக்குப் போட்ட ஒட்டு

என் தலைக்குள் என் தொப்பை இருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் காகிதத்தில் எழுதியே இருக்கிறது. தொப்புளுக்குப் பக்கத்தில் கீறி, நெல்லிக்காய் அளவுக்குக் கொழுப்பை எடுத்து, அதை மூக்கு வழியாக உள்ளே கொண்டுபோய், மூளைக்கு அடியில் எலும்பில் போட்ட ஓட்டையை அடைத்தார்கள். இருபத்திரண்டு வருடம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து வளர்த்த தொப்பை. ஸ்டியரிங்கில் இடிக்கிறது என்று ஊரே கேலி செய்தது. அதற்கும் ஒரு நாள் வேலை வரும் என்று யாருக்குத் தெரியும்?

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகிற பஸ் என்னுடையது. என்னுடையது என்றால் நான் ஓட்டியது. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்தால், இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பள்ளம். மரவள்ளி மூட்டை, பலாப்பழம், சில நாள் ஆட்டுக்குட்டி, இடுக்கில் ஜனங்கள். அத்தனை பேரும் என்னை நம்பித் தூங்கிக்கொண்டு வருவார்கள். அந்த வழியின் ஒவ்வொரு வளைவும் எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும் என்று பெருமை பேசுவேன். கண்ணை மூடிக்கொண்டுதான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரே மாதத்தில் இடது பக்கக் கண்ணாடியை இரண்டு முறை உடைத்தேன். முதல் முறை பாறையில். இரண்டாம் முறை நின்றுகொண்டிருந்த கரும்பு டிராக்டரில். அது நிற்கிறது என்பதே, கண்ணாடி தெறித்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

“இன்னாண்ணா, கண்ணாடிக் கடைக்காரன் உனுக்கு மாமன் மச்சான் முறையா?” என்று கேட்டான் கண்டக்டர். என்னைவிடப் பத்து வயது சின்னவன். பன்னிரண்டு வருடமாக என்னோடு அதே வண்டியில் வருகிறவன். வாய் மட்டும் என்னைவிடப் பத்து வயது பெரியது.

“ரோடு சரியில்லடா.”

“ரோடு அங்கியேதான் கீது. நீதான் எங்கியோ போய்க்கினு கீற.”

மலையடிவாரத்தில் டீ குடிக்க இறங்கினோம். நான் பெஞ்சில் உட்கார்ந்து எதிரே இருந்த புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் குரல் மெதுவாகக் கேட்டது.

“அண்ணா, இது எத்தினி வெரலு?”

“எது?”

நான் திரும்பிப் பார்த்தேன். என் இடது தோளுக்குப் பக்கத்தில், கையை நீட்டி, இரண்டு விரலைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று கேட்டேன். “நீ ரெண்டு மொடக்கு டீ குடிச்ச நேரமா” என்றான். அன்றைக்கு அவன் அதற்கு மேல் கிண்டல் செய்யவில்லை. கிண்டல் செய்திருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு வேறு டிரைவரை வரச் சொன்னோம். நான் அந்த சீட்டிலிருந்து கடைசியாக இறங்கியது, அந்த டீக்கு இறங்கியதுதான். சாவியை அதிலேயே விட்டு இறங்கியிருந்தேன், உடனே திரும்பி ஏறப்போகிறவன் மாதிரி.

பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கு அடியில், மூக்குக்கு நேர் பின்னால், பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதில் கட்டி வளர்ந்து, மேலே போகிற கண் நரம்புகளை அமுக்குகிறது. அதனால் நேரே இருப்பது தெரியும், இரண்டு ஓரமும் தெரியாது. வண்டியில் பூட்டுகிற குதிரைக்குக் கண்ணுக்குப் பக்கத்தில் தோல் பட்டை கட்டுவார்களே, அது மாதிரி. குதிரைக்காவது கட்டிவிட்டது யார் என்று தெரியும்.

ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டரம்மா மூக்கு டாக்டர். மூளை டாக்டரும் கூட இருப்பாராம். மூக்குத் துவாரம் வழியாகக் கேமராவை விட்டுக் கட்டியை எடுப்பார்கள் என்றார்.

“எனக்கு மூக்கு சின்னதுங்களே” என்றேன்.

“கேமரா அதைவிடச் சின்னது” என்றார். சிரிக்கவில்லை. அதற்கு மேல் எத்தனையோ முறை முயன்றும் அவரை நான் சிரிக்கவைத்ததே இல்லை. என் தொழில் வாழ்க்கையில் இது ஒரு கறுப்புப் புள்ளி.

பிறகு ஒரு காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். “கட்டிய எடுக்கறது பாதி வேலைதான். எடுக்கறதுக்கு எலும்புல வழி போடுறோம் இல்ல, அந்தத் தரைய திரும்ப அடைக்கறதுதான் மீதி பாதி. மேல மூளையைச் சுத்தித் தண்ணி இருக்கு. அடைப்பு சரியா நிக்கலைன்னா அந்தத் தண்ணி மூக்குல ஒழுகும். ஒழுகுற வழியா கிருமி மேல ஏறும்.”

எனக்கு உடனே புரிந்தது. பழைய வண்டியில் கால் வைக்கும் இடத்தில் தகரம் தேய்ந்து ஓட்டை விழும். கீழே ரோடு ஓடுவது தெரியும். மழைக் காலத்தில் சேறு அப்படியே முகத்துக்கு வரும். நான் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, அதன் மேல் எண்ணெய் டின் தகரத்தை வைத்து ஓட்டியிருக்கிறேன். அவரிடம் இதைச் சொன்னேன்.

“ஆமா, அப்படித்தான்” என்றார். “சாக்குக்குப் பதிலா உங்க வயித்துக் கொழுப்பு. தகரத்துக்குப் பதிலா மூக்குக்குள்ள நடுச்சுவத்து மேல இருக்கற சவ்வு. அதை முழுசா வெட்டாம, ரத்தம் ஓடுற பக்கம் மட்டும் ஒட்டியிருக்கும்படி உரிச்சு, திருப்பி, ஓட்டைக்கு மேல போத்திடுவோம். உயிரோட இருக்கற சவ்வுங்கறதால ஒட்டிக்கும்.”

“எப்ப வண்டி எடுக்கலாங்க?”

“முதல்ல ஒட்டுப் பிடிக்கட்டும். அப்புறம் கண்ணைப் பாப்போம்.”

ஆபரேஷன் முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது என் மனைவியை உட்காரவைத்துச் சொன்னார்: ஆறு வாரத்துக்குக் குனியக் கூடாது. மூக்குச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். பாரம் தூக்கக் கூடாது. முக்கக் கூடாது. மூக்கிலிருந்து தண்ணீர் மாதிரி வந்தால், ஒரு சொட்டானாலும், அன்றைக்கே வர வேண்டும். எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டப் போனேன். தலையையும் ரொம்ப ஆட்டாதீங்க என்றார்.

வீட்டில் என் மனைவி சுற்றிச் சுற்றி வந்து காவல் காத்தாள். கீழே விழுந்த டவலை எடுக்க விடமாட்டாள். வெளியே கிளம்பினால் செருப்பையும் அவள்தான் குனிந்து மாட்டிவிடுவாள். எனக்கு ராஜா மாதிரி இருந்தது, அதை வாய்விட்டுச் சொல்லியும் தொலைத்தேன்.

“கல்யாணத்துல மெட்டி போட ஒரே ஒரு தபா என் கால்ல குனிஞ்சீங்க” என்றாள். “அதுக்கு இப்ப டெய்லி என்னக் குனிய வெக்கிறீங்க.”

“இன்னும் மூணு வாரந்தான். அப்புறம் நானே குனிவேன்.”

“யாரு கால்ல?”

மூன்று வாரம் ஒழுங்காக இருந்தேன். நாலாவது வாரம் ஆயுத பூஜை வந்தது.

கண்டக்டர் போன் செய்தான். “வண்டிய கழுவி வாழக்கண்ணு கட்டி வெச்சிருக்கோம்ணா. நீ வந்து சும்மா ஒக்காந்தா போதும். ஆட்டோ அனுப்புறேன்.”

போனேன். வண்டி மாலை போட்டுப் பொட்டு வைத்துக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி நின்றது. உடைந்த கண்ணாடி இருந்த இடத்தில் புதுக் கண்ணாடி. எனக்குப் பதிலாக ஓட்டுகிறவன் நல்ல பையன்தான், முப்பது வயதிருக்கும். தட்டில் நாலு எலுமிச்சம்பழத்தோடு நின்றிருந்தான். எங்கள் ஸ்டாண்டில் ஒரு வழக்கம்: அந்த வண்டியை ரொம்ப நாள் ஓட்டியவன்தான் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பான். வைத்தவன் வண்டி அது. அடுத்த பூஜை வரைக்கும் யார் ஓட்டினாலும் அவன் பேரைச் சொல்லித்தான் வண்டியைக் கூப்பிடுவார்கள்.

“அண்ணா வெக்கட்டும்” என்று தட்டை என் பக்கம் நீட்டினான் அந்தப் பையன்.

“டேய், அவரு குனியக் கூடாதுடா” என்றான் கண்டக்டர். “நீ வெய்யி.”

அந்த ஒரு வார்த்தைதான். அவன் வைத்தால் வண்டி அவனுடையது. நான் தட்டிலிருந்து பழத்தை எடுத்தேன்.

குனிந்து வைக்காமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வைத்திருக்கலாம். கண்டக்டர் கையில் கொடுத்து, என் பேரைச் சொல்லி வைக்கச் சொல்லியிருக்கலாம். இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு நாலு பேர் பார்க்க, இருபத்திரண்டு வருட டிரைவர் இடுப்பை மடக்கிக் குனிந்தான். முன் சக்கரம் இரண்டும் சரி. பின் சக்கரத்தில் மூன்றாவது பழத்தை வைக்கும்போது தொண்டையின் அடியில் உப்பு ருசி. நாலாவது பழத்தை வைக்கும்போது மூக்கிலிருந்து ஒரு சொட்டு நேராக அந்தப் பழத்தின் மேல் விழுந்தது. சளி இல்லை, ரத்தம் இல்லை. கண்ணாடி மாதிரி சுத்தமான தண்ணீர். பின்னாலேயே இன்னொன்று.

நிமிர்ந்தேன். கண்டக்டர் என் முகத்தைப் பார்த்தான். அவன் முகம் கோணிக்கொண்டது.

“அழுவாதண்ணா” என்றான். “வண்டி எங்க போயிடப் போவுது. நீதான் வந்து எடுக்கப் போற.”

சுற்றி நின்றவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தப் பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் மறுக்கவில்லை. வண்டிக்காக அழுகிற டிரைவர் என்றால் கேட்கவே எவ்வளவு நன்றாக இருக்கிறது. டவலால் மூக்கை ஒற்றிக்கொண்டு, தொண்டை அடைத்த மாதிரி கையைக் காட்டினேன். அந்தப் பையன் ஏறி வண்டியை ஒரு முழம் நகர்த்தினான். நாலு பழமும் நசுங்கின. ஒன்றில் மட்டும் என் மண்டைத் தண்ணீர் கலந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பார்த்துவிட்டாள். நான் உட்கார்ந்து செருப்பைக் கழற்றக் காலை நீட்டியபோது அவள் கையில் ஒரு சொட்டு விழுந்தது.

“இன்னாங்க இது, தண்ணியா ஊத்துது?”

“ஜல்தோசம் புடிச்சிருக்கு.”

“தலையில நீர் கோத்துக்கினு இருந்திருக்கும். எறங்கட்டும், எறங்குறது நல்லதுதான்” என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். “தண்ணியா வந்தா வரச் சொன்னாங்களே டாக்டரம்மா?”

“அது கலங்கலா வந்தா. இது சுத்தமான தண்ணி.”

பொய். எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று இங்கே எழுதிவிட்டால் என்ன என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒட்டுப் பிடிக்கவில்லை என்பார்கள். ஒட்டுப் பிடிக்கவில்லை என்றால் சீட் இல்லை. அதனால் போகவில்லை, அவ்வளவுதான் கணக்கு.

அவள் வேலியில் இருந்த நொச்சியை ஒடித்துவந்து கொதிக்கவைத்தாள். போர்வையை மூடிக்கொண்டு, பானைக்கு மேல் முகத்தைக் கவிழ்த்து வேது பிடித்தேன். குனியக் கூடாது என்று சொல்லப்பட்டவன், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, பதினைந்து நிமிடம் குனிந்தேன். பானைக்குள் சொட்டுச் சொட்டாக விழுந்தது. “பாத்தீங்களா, எப்பிடி எறங்குது” என்று அவள் வெளியிலிருந்து சந்தோஷமாகக் கேட்டாள். போர்வைக்குள்ளிருந்து, “ஆமா, தல இப்ப லேசா கீது” என்றேன். என் மூளையின் தண்ணீரை நொச்சி ரசமாக்கிக்கொண்டிருந்தோம்.

நாலாவது நாள் காலையில் எழுந்து உட்கார முடியவில்லை. காய்ச்சல். ஜன்னல் வெளிச்சம் கண்ணில் ஊசியாகக் குத்தியது. தாடையை மார்பில் தொடப் பார்த்தேன், கழுத்து மடங்கவில்லை. கடைசியில் ஒரு வழியாக, குனிய முடியாத நிலைக்கு வந்து சேர்ந்துவிட்டேன்.

“எத்தனை நாளா தண்ணி வருது?” என்று கேட்டார் டாக்டரம்மா.

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள். “நாலு நாளாங்க. நொச்சி எல போட்டு வேது குடுத்தங்க. கோத்த நீர்னு நெனச்சிட்டங்க. என் தப்புதாங்க.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி தன் தப்பு என்றே நினைத்துக்கொண்டு அந்த வராண்டாவில் பதினெட்டு நாள் உட்கார்ந்திருந்தாள். இதைவிட மட்டமான காரியம் நான் செய்ததில்லை.

காய்ச்சல் இறங்க நாளாயிற்று. மண்டைத் தண்ணீரின் அழுத்தம் குறைய வேண்டும் என்று முதுகுத் தண்டில் ஒரு குழாயைச் சொருகிப் படுக்கவைத்தார்கள். தண்ணீர் கட்டில் பக்கம் தொங்கிய பைக்குள் சொட்டியது. மேலே ஒழுகாமல் இருக்கக் கீழே ஒழுகவிட்டார்கள். பிறகு திரும்பவும் மூக்கு வழியாகப் போனார்கள். முதலில் போர்த்திய சவ்வு ஒரு ஓரத்தில் கழன்றிருந்ததாம். திரும்பவும் தொப்பைக் கொழுப்பு. இந்த முறை தொடையைக் கீறி, சதையின் மேலிருக்கும் உறையையும் ஒரு துண்டு வெட்டி வைத்தார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் எனக்கு மூளை முட்டியில் இருப்பதாகச் சொல்வார். அவர் கொஞ்சம் கீழே சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். “இது நிக்கணும். மூக்குக்குள்ள எடுக்கறதுக்கு இனிமே நல்ல சவ்வு பெருசா மிச்சம் இல்ல. மூணாவது தடவைன்னா என்ன கெடைக்குதோ அதை வெச்சுத்தான் பாக்கணும். ஒவ்வொரு தடவையும் கஷ்டம் ஜாஸ்தி ஆகும்.”

வீட்டுக்கு வந்த அன்றே என் மனைவி வேலியிலிருந்த நொச்சியை வேரோடு பிடுங்கிப் போட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சொன்னேன். டாக்டரம்மா சுத்தமான தண்ணீருக்குத்தான் வரச் சொன்னார் என்றும், எனக்கு அது தெரியும் என்றும். அவள் கையில் மண்ணோடு நின்றாள்.

“தெரியும்” என்றாள். “எனுக்கும் காது கீது. நீங்க சொன்னத நம்பணும்னு தோணிச்சு.”

மூக்கில் வாசனை போய்விட்டது. கருவாட்டுக் குழம்பும் வெந்நீரும் எனக்கு ஒன்றுதான். கண்டக்டர் பார்க்க வரும்போது, அவன் சாக்ஸைப் பற்றி இந்தப் பன்னிரண்டு வருடத்தில் எவரும் பேசாத அளவுக்கு நல்ல வார்த்தை பேசினேன். அவன் சிரித்தான். வண்டியைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

மாசியில் கண்ணைப் பார்த்தார்கள். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரத்தில் எங்காவது வெளிச்சப் பொட்டு மின்னினால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். நான் அமுக்கினேன், விடாமல் அமுக்கினேன். மலை வளைவில் ஹாரன் அடிக்கிற மாதிரி ஒரு தாளத்தோடு அமுக்கினேன். எப்படியும் பாதி சரியாக வரும் என்று நம்பினேன்.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். “வெளிச்சமே காட்டாதப்பவும் அமுக்கியிருக்கீங்க.”

“எனக்குத் தெரிஞ்சுதுங்க.”

“திரும்ப எடுப்போம்.”

இரண்டாவது முறை ஒழுங்காக எடுத்தேன். இரண்டு ஓரமும் கறுப்பாக வந்தது. நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்துவிட்டது, இனி திரும்புவது கஷ்டம் என்றார். “வண்டி?” என்றேன். அவர் என் மனைவியைப் பார்த்தார். எனக்கு அதுவரை இருந்த கேள்வி ஒன்றுதான். அதற்கும் பதில் வந்துவிட்டது. சீட் போயிற்று. இனி ஒட்டாவது நிற்கட்டும் என்றுதான் கும்பிட்டேன், வயிற்றுக் கொழுப்பையும் தொடை உறையையும் பார்த்து.

அதிலிருந்து காலையில் எழுந்ததும் எனக்கு ஒரு வேலை உண்டு. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, நானாகக் கண்டுபிடித்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கால்களுக்கு நடுவில் கழுவித் துடைத்த ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்து, மெதுவாகக் குனிந்து நூறு எண்ணுவேன். காய்ந்த டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் அதிலேயே டீ வாங்கிக் குடிப்பேன். மனைவிக்கு இது தெரியும். ஒன்றும் கேட்கமாட்டாள். டம்ளரை நீட்டுகிறேனா என்று மட்டும் பார்ப்பாள். நீட்டினால் ஊற்றுவாள்.

பங்குனியில் ஒரு காலை, முப்பத்தெட்டு எண்ணியிருப்பேன். டம்ளரில் சத்தம் கேட்டது. மழைக்கு முன்னால் தகரக் கொட்டகையில் விழும் முதல் சொட்டுக்கு ஒரு சத்தம் உண்டே, அது. எண்ணுவதை நிறுத்தவில்லை. நூறு வரை எண்ணினேன். அதற்குள் இன்னும் ஆறேழு.

முன்னே மூக்கைத் துடைத்து மறைத்த மாதிரி டம்ளரையும் துடைத்துவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. கையில் டவலும் இருந்தது.

அடுப்படிக்குப் போனேன். டம்ளரை நீட்டவில்லை, மேடை மேல் வைத்தேன். அவள் டீப் பாத்திரத்தைத் தூக்கப்போனவள் அப்படியே நின்றாள்.

“கழுவுன தண்ணியா?”

“இல்ல.”

குனிந்து டம்ளருக்குள் பார்த்தாள். தன் மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு டம்ளரை ஒரு சின்னத் தட்டால் மூடி, துணியில் இறுக்கிக் கட்டினாள். “டாக்டரம்மா டெஸ்ட்டுக்குக் கேப்பாங்க” என்றாள். எந்தப் பையில் என்ன துணி எடுத்து வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு இப்போது பழகிவிட்டது. டீ அடுப்பிலேயே இருந்தது.

உளுந்தூர்பேட்டை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினோம். டிரைவருக்கு நேர் பின்சீட்டு. அவன் நன்றாகத்தான் ஓட்டினான், ஆனாலும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் என் வலது கால் தரையில் பிரேக்கைத் தேடியது. மனைவி மடியில் டம்ளரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் கழுத்தின் மேல் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். யார் கையில் இருப்பது முதலில் சிந்தும் என்று சொல்ல முடியவில்லை. அவளிடம் இதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. டாக்டரம்மாவிடம் கற்றுக்கொண்டாள் போலிருக்கிறது.

தியாகதுருகம் தாண்டியதும் டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் என் முகத்தைப் பார்த்தான். முன்பின் தெரியாத ஆள்.

“இன்னா சார், செம ஜல்தோசமா? மூக்கு ஊத்துது பாருங்க. ஜன்னல சாத்திக்குங்க, எதுருகாத்து ஆவாது.”

“ஆமாங்க” என்றேன். “ஜல்தோசந்தான்.”

ஜன்னலைச் சாத்தினேன்.